வெண்ணெயில் புரட்டிய ரொட்டி

ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுவீர்கள் என்று டயட்டீஷியன் கேட்டபோது, எல்லாரையும் போல மூன்று வேளை என்றுதான் அவள் சொன்னாள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா சொல்லுங்க அக்கா."

சாயங்காலம் வேலைக்குக் கிளம்புமுன் டிவியைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டது. நடுராத்திரிக்கு மேல் வேலையிடத்தில் மற்றப் பெண்களோடு சாப்பிட்டது. விடிந்து வீடு திரும்பியதும் ஒரு தட்டு. மத்தியானம் தூங்கி எழுந்து, அடுப்படியில் நின்றுகொண்டே, முந்தின நாள் மிச்சத்தைப் பாத்திரத்திலிருந்து கையால் எடுத்துத் தின்றது.

"இது நாலு. மூணுன்னீங்களே?"

"நின்னுக்கிட்டு சாப்பிடறதை நான் கணக்குல சேக்கறதில்லம்மா."

"உடம்பு சேக்குதே."

டயட்டீஷியன் சின்னப் பெண். ஃபைலுக்கு அடியிலிருந்து பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டின் நுனி எட்டிப் பார்த்தது. அவள் பார்த்ததைப் பார்த்ததும் ஃபைலை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினாள்.

"காலைல வந்ததும் என்ன சாப்பிடுவீங்க?"

"ரொட்டி."

"வெறும் ரொட்டியா?"

"வெண்ணெயில புரட்டி, மேல சக்கரை தூவி."

பேனா நின்றது. "தினமுமா?"

"தினமும்."

"சாப்பிட்டதும் படுத்துடுவீங்க."

"பின்ன? ராத்திரி பூரா நின்னுட்டு வந்தவ படுக்காம டான்ஸா ஆடுவேன்?"

சின்னப் பெண் சிரித்துவிட்டாள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவில்லை. வேலைக்குக் கிளம்புமுன் வயிறு நிறையச் சாப்பிடுங்கள், அதுதான் உங்களுக்குப் பெரிய சாப்பாடு. நடுராத்திரியில் கொஞ்சமாக, ஒரு முட்டையோ வேகவைத்த கடலையோ தயிரோ காயோ போதும். டீயைப் பாதி ராத்திரியோடு நிறுத்துங்கள். தண்ணீர் குடியுங்கள். காலையில் பசித்தால் மட்டும் ஏதாவது லேசாக.

"வேற எதை விடறீங்களோ இல்லையோ, அந்த ரொட்டிய விட்டுடுங்க அக்கா. அதுதான் உங்களப் படுத்துது. மத்ததெல்லாம் மெதுவா பாத்துக்கலாம்."

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்குள் சர்க்கரை இறங்கவில்லையென்றால் மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரைக்கு அவள் பயப்படவில்லை. அவளுடைய அம்மாவுக்கும் முதலில் மாத்திரைதான். அப்புறம் ஊசி. அப்புறம் ஒரு விரல், பாதம், முழங்காலுக்குக் கீழே முழுதும். கால் போன பிறகும் அது அரிக்கிறது என்பாள் அம்மா. இவள் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் படுக்கை விரிப்பைச் சொறிந்துகொடுப்பாள். "இன்னும் கொஞ்சம் கீழ" என்பாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீண்ட அறையில் அவளுக்கு வேலை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இறங்கி வரும் கத்தி, கத்திரி, இடுக்கிகளையெல்லாம் கழுவித் துடைத்து, தட்டுத் தட்டாக அடுக்கி, துணியில் சுற்றி, கிருமி சாக ஆவி மெஷினுக்குள் ஏற்ற வேண்டும். ராத்திரியில் நான்கு பெண்கள். அவளுக்கு அங்கே கத்திரி என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு கத்திரியைக் காணோம் என்று தியேட்டரையே நிறுத்தி வைத்துத் தேடி, கடைசியில் அது அவளுடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எலும்பு அறுக்கும் ரம்பம் வைத்த தட்டு கீழே வந்தால் மட்டும் அவள் அதை யாரையும் தொட விடமாட்டாள். தானே எடுத்துப் போய்க் கழுவுவாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் டயட்டீஷியன் சொன்னதை நினைத்துப் பார்த்தாள். எல்லாம் செய்யக்கூடியதுதான். ரொட்டி ஒன்றைத் தவிர.

அந்த ரொட்டியை அவள் செய்வதில்லை. அவள் புருஷன் செய்வது.

மகள் ஹாஸ்டலுக்குப் படிக்கப் போன பிறகுதான், தாங்கள் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்பது அவளுக்கு உறைத்தது. "அப்பாவ சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட சாவிய எங்க வச்சான்னு கேளு." ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேரும் பெண்ணின் வாயால் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மகள் போனதும் பேச்சைக் கொண்டுபோகவும் கொண்டுவரவும் ஆள் இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். அப்படி எதுவும் இல்லை. அவருக்கு பஸ் டிப்போவில் பகல் வேலை. அவர் திரும்பும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். காலையில் அவள் செருப்பைக் கழற்றும் நேரத்தில் அவர் ஷூவைத் தேடிக்கொண்டிருப்பார். வீடு ஒரு பஸ் ஸ்டாப் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

ஒரு மழைநாள் காலையில் அவள் தொப்பலாக நனைந்து வந்தாள். அடுப்படியில் வெண்ணெய் வாசம். அவர் அடுப்பின் முன் நின்றிருந்தார். கல்யாணமான நாளாக வெந்நீர் வைக்கக்கூட அந்தப் பக்கம் போகாத மனுஷன். தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். ஒரு ஓரம் கருகிய ரொட்டி, மேலே அரைகுறையாக உருகிய சர்க்கரை. அவள் நனைந்த துணியோடு உட்கார்ந்து தின்றாள். எதிரே அவரும் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு போடவா?" என்றார்.

"போடுங்க."

அவ்வளவுதான் அன்றைக்குப் பேச்சு. ஆனால் அன்றிலிருந்து தினமும் தட்டு இருந்தது. டிப்போவுக்குக் கிளம்பும் வரை அவர் எதிரே உட்கார்ந்திருப்பார். சில நாள் சர்க்கரை போதுமா என்று கேட்பார். சில நாள் மழை வரும்போலிருக்கிறது என்பார். அந்த நேரத்துக்காக அவள் பஸ் படியில் தொற்றிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். அதை எப்படி விடுவது?

ஆகவே தன் மனசுக்குள் அவளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். ரொட்டி இருக்கட்டும். மற்றதையெல்லாம் குறைத்துவிடலாம். சாயங்காலச் சாப்பாடு தனியாகச் சாப்பிடுவதுதானே, அதை நிறுத்தினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ராத்திரி ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். மொத்தத்தில் குறைவாகச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்காமலா போய்விடும்? டயட்டீஷியன் சொன்னதை நேர் தலைகீழாகச் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை ஓரமாகத் தள்ளிவைப்பதில் அவள் கைதேர்ந்தவள்.

ராத்திரியில் சாக்குச் சொல்வதுதான் அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த அறையில் சாப்பாட்டு நேரத்தைக் கடிகாரம் சொல்வதில்லை, மெஷின் சொல்லும். பெரிய மெஷினின் கதவைச் சாத்தி முறுக்கிவிட்டால் ஆவி ஏறி இறங்கிக் காயும் வரை யாரும் அதைத் திறக்க முடியாது. அந்த நேரம்தான் சாப்பாடு. நான்கு டப்பாக்களும் மூடி திறந்து மேசை நடுவில் போய்விடும். யாருடையது எது என்று கிடையாது. எட்டுகிறதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"எனக்குப் பசி இல்ல. நீங்க சாப்பிடுங்க" என்று அவள் தள்ளி உட்கார்ந்தாள்.

"பாருங்கடி, கத்திரி ஒல்லியாகப் போறாளாம்" என்றாள் ரேடியோ. துணி மடிப்பவள். தூக்கத்தில்கூட வாய் ஓயாது என்று அவள் வீட்டிலேயே சொல்வார்களாம். "யாரு மயங்கப் போறா? அந்த லிஃப்ட்காரத் தாத்தாவா?"

"ஏன், நம்ம டப்பாவில என்ன விஷமா வச்சிருக்கோம்?" என்றாள் பெரியக்கா. அந்த ராத்திரிக்கு அவள்தான் பொறுப்பு. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது.

"வயிறு சரியில்லக்கா."

"நேத்தும் வயிறு. முந்தாநாளும் வயிறு. வயித்தக் கழட்டி மெஷின்ல போட்டு எடுத்துடலாமா?"

புதுசு களுக்கென்று சிரித்தாள். அவள் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. அவளுக்குப் பிறகு யாரும் சேராததால் இன்னும் புதுசுதான்.

இப்படியே நாள் போனது. எடை கொஞ்சம் இறங்கிற்று. முகம் வற்றிற்று. விடியும் நேரத்தில் கை லேசாக நடுங்கும். பஸ்ஸில் உட்கார்ந்தால் தலை ஜன்னலில் போய் முட்டும். வீட்டுப் படி ஏறும்போது வெண்ணெய் வாசம் வந்ததும் வாயில் நீர் ஊறும். இப்போது அவள் முன்போல இரண்டு மூன்று ரொட்டியோடு நிறுத்துவதில்லை. வயிறு அடங்கும் வரை தின்றாள். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "பசி நல்லா எடுக்குது போல" என்று அவராகவே சொன்னார் ஒருநாள். இதைச் சந்தோஷம் என்று சொல்வதா, திருட்டு என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு நெஞ்சு எரியும். கால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வாள். எல்லாவற்றிலும் உணர்ச்சி இருக்கிறதா என்று.

அந்த ராத்திரி தியேட்டரில் இடைவிடாமல் வேலை. தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அவள் சாயங்காலமும் சாப்பிடவில்லை, மத்தியானமும் எழுந்திருக்க முடியாமல் தூங்கிவிட்டிருந்தாள். இரண்டு ட்ராலிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் மெஷினிலிருந்து வந்து ஆறின பொட்டலங்கள். மற்றதில் இனிமேல் மெஷினுக்குப் போக வேண்டியவை. சுற்றின துணி ஒன்றுதான், அளவு ஒன்றுதான். வித்தியாசம் மேலே ஒட்டிய நாடாவில் மட்டும். அதில் வெளிறிய கோடுகள் இருக்கும். ஆவி பட்டால் அவை கறுத்துவிடும். ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுக்கும்போது கண் தானாக அந்தக் கோட்டுக்குப் போகும். கையும் கண்ணும் செய்கிற வேலை, மனசு அங்கே இருக்க வேண்டியதேயில்லை.

அவள் ஒரு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய், சுத்தமானவற்றை வைக்கும் அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிக்கொண்டே இருந்தாள். அடுக்குகிறோம் என்பதுகூட அவளுக்கு எங்கோ தூரத்தில் நடப்பது போலிருந்தது.

"அக்கா!" புதுசின் குரல் கீச்சிட்டது. "கத்திரியக்கா, கோடு பாருங்க! கோடு கறுக்கல!"

அவள் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். கோடுகள் வெளிறிக் கிடந்தன. அலமாரியைப் பார்த்தாள். எது அவள் வைத்தது, எது முன்பே இருந்தது என்று தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அலமாரிக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரியக்கா கத்தவில்லை. முதலில் தியேட்டருக்குப் போன் செய்து, மேலே எதுவும் போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டாள். பிறகு இரவு நர்ஸம்மாவைக் கூப்பிட்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். நர்ஸம்மா இறங்கி வந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, அலமாரி மொத்தத்தையும் இறக்கிச் சரிபார்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். ஒன்று சந்தேகம் என்றால் எல்லாமே சந்தேகம், அதுதான் அங்கே முறை. மூன்று பேரும் ஒவ்வொரு பொட்டலமாக எடுத்து விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தார்கள். மெஷின் ஏறி இறங்கியது, யாரும் சாப்பிடவில்லை. டப்பாக்கள் மூடியபடியே மேசையில் கிடந்தன. கத்திரியை எழுந்திருக்க விடவில்லை. "நீ தொடாதே, அங்கேயே இரு" என்று பெரியக்கா சொன்ன விதத்தில், அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

எல்லாம் முடிந்ததும் பெரியக்கா ஒரு முட்டையை உரித்து அவள் கையில் வைத்தாள்.

"தின்னு. தின்னுட்டு சொல்லு."

அவள் தின்றாள். சொன்னாள். சர்க்கரை, டயட்டீஷியன், தானே செய்துகொண்ட ஏற்பாடு.

"அட லூசே. இதுக்கா எங்ககிட்ட மறைச்சே? எனக்கு ஆறு வருஷமா சுகர். இவளுக்குக் கொழுப்பு."

"எனக்கு ரத்தத்துலதான் கொழுப்பு, வாயில இல்ல" என்றாள் ரேடியோ.

"புதுசுக்கு மட்டும் ஒண்ணுமில்ல. புதுசாச்சே அவ, இனிமே வரும். சரி, எதை விடச் சொன்னாங்க?"

"காலைச் சாப்பாட்டை."

"விட்டுட்டுப் போயேன். அதுல என்ன?"

"அவரு செய்யறாருக்கா."

மெஷின் பெருமூச்சு விட்டது.

"எங்க வீட்டுல எவனாச்சும் ஒரு தட்டு போட்டு என் முன்னாடி வச்சான்னா, விஷமா இருந்தாலும் தின்னுடுவேன்" என்றாள் ரேடியோ. வழக்கமான குரல் இல்லை அது.

"அதத்தான்டி இவ பண்ணிட்டிருக்கா" என்றாள் பெரியக்கா.

காலையில் படியேறும்போது கால் ஈயமாகக் கனத்தது. கதவு திறந்திருந்தது. வெண்ணெய் வாசம். அவர் முதுகைக் காட்டி நின்று ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் கருகுவதில்லை. நன்றாகவே கை வந்துவிட்டது.

"இன்னிக்கு லேட்டு" என்றார்.

"ஆமா."

தட்டு வந்தது. சர்க்கரை உருகிப் பளபளத்தது. பசி வயிற்றைப் பிறாண்டியது. இன்றைக்கு மட்டும் தின்றுவிட்டு நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது. நேற்றும் அப்படித்தான் தோன்றியது என்பதும் கூடவே தோன்றியது.

தட்டைத் தள்ளிவைத்தாள். "எனக்கு வேணாங்க."

அவர் திரும்பினார். "கருகிடுச்சா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு. எனக்கு சுகர் இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசம் ஆகுது."

அவர் அடுப்பை அணைத்தார். கரண்டி இன்னும் கையில் இருந்தது. "ரெண்டு மாசமா நான் சக்கரையக் கொட்டிட்டிருக்கேன். நீயும் வாயத் தெறக்காம தின்னுட்டிருக்கே. உங்கம்மா கால் போனத நான் பாக்கலையா? என்ன மனுஷி நீ? சொல்றதுக்கென்ன?"

கோபம்தான். இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல அவர் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஓடியது.

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்தத்தானே வேணும்?"

"நிறுத்திட்டா…" இதைச் சொல்லாமல் எழுந்து போய்ப் படுத்துவிடலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் படுத்துக்கொண்டார்கள். "நிறுத்திட்டா நீங்க இங்க உக்கார மாட்டீங்க. நான் வருவேன், படுப்பேன். நீங்க போயிடுவீங்க. பழையபடி."

அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பி, கடைசியில் தொட்டியில் போட்டார். தட்டை எடுத்து ஜன்னல் மேடையில் வைத்தார்.

"அப்ப காலைல நான் என்ன பண்றது?" என்றார்.

கேலியில்லை. நிஜமாகவே கேட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும், இத்தனை நாளும் அந்தத் தட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது தான் ஒருத்தி மட்டுமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் ஆறுதலைவிட அலுப்புத்தான் அதிகமாக இருந்தது. இரண்டு பெரிய மனுஷர்கள். ஒரு ரொட்டித் துண்டு இல்லாமல் எதிரெதிரே உட்காரத் தெரியவில்லை.

"உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார். மேசையில் ஒன்றும் இல்லை. அவர் எண்ணெய்க் கறை ஒன்றைக் கட்டைவிரலால் தேய்த்தார். அவள் தண்ணீர் குடித்தாள். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை. இனி எழுந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள்.

"ஏன் லேட்டு?" என்றார்.

"ராத்திரி ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

அவர் அவள் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரி என்று தெரியும், ராத்திரி என்று தெரியும், அவ்வளவுதான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாடாவிலிருந்து ஆரம்பித்தாள். வெளிறிய கோடு, கறுத்த கோடு.

"ஆவி பட்டா அது எப்படிக் கறுக்குது?"

"அதுல ஏதோ மருந்து தடவியிருப்பாங்க. சூடும் ஆவியும் சேந்து பட்டாத்தான் மாறும்."

"வெறும் சூட்டுக்கு மாறாதா?"

"தெரியல. பெரியக்காவத்தான் கேக்கணும்."

"யாரு பெரியக்கா?"

பெரியக்காவைச் சொன்னாள். ரேடியோவைச் சொன்னாள். நான்கு வருஷமாகப் புதுசாகவே இருக்கும் புதுசைச் சொன்னபோது அவர் மூக்கால் சிரித்தார். அவர் கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. சுவரில் கடிகாரம் இருந்த பக்கம் அவரும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை. முட்டை ஒன்று போட்டுத் தரட்டுமா என்று நடுவில் கேட்டார், வேண்டாம், ராத்திரி தின்றாயிற்று என்றாள்.

ட்ராலிக்கு வரும்போது நாக்கு குழறத் தொடங்கியது. ராத்திரி முழுதும் சேர்த்துவைத்திருந்த தூக்கம் ஒன்றாக வந்து இமையில் உட்கார்ந்தது. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்தன. கன்னத்தைக் கையில் தாங்கினாள். கை மேசையில் வழுக்கியது. மேசைப் பலகை கன்னத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

"அப்புறம்?" என்ற குரல் எங்கிருந்தோ வந்தது.

கண்ணைத் திறக்காமலே, "எங்க விட்டேன்?" என்றாள்.

"ட்ராலியத் தள்ளிட்டுப் போனே."

"ஆமா" என்றாள். "தள்ளிட்டுப் போனேனா…"